ஊசி போடத் தெரியுமா? – செவிலியர் பயிற்சியின் நூற்றைம்பது வருடக் கதை



பரவை என்று ஊர்ப் பெயரைச் சொன்னதும் வெளியூர்க்காரர்கள் "முனியம்மா பாட்டி ஊரா?" என்றுதான் கேட்பார்கள். ஆமாம், 2020ல் காலமான பரவை முனியம்மாவின் ஊர்தான். மதுரையிலிருந்து திண்டுக்கல் ரோட்டில் விளாங்குடி தாண்டினால் வரும். காய்கறி மார்க்கெட்டுக்கும் பெயர் போனது. காலையில் மதுரைக்குள் போகும் டவுன் பஸ்ஸில் இடம் பிடிக்க எங்களுக்கும் கத்தரிக்காய் மூட்டைக்கும் போட்டி நடக்கும். பெரும்பாலும் மூட்டைதான் ஜெயிக்கும்.

அந்த பஸ்ஸில் நடந்த ஒரு சண்டையால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். என்னுடன் வரும் இரண்டு அக்காக்கள் பி.எஸ்சி. நர்சிங் கடைசிப் பருவம். இருவருமே இன்டர்ன்ஷிப்பில் இருக்கிறார்கள். ஒருவர் அரசு மருத்துவமனை ஒன்றில், இன்னொருவர் தனியார் மருத்துவமனை ஒன்றில். (பெயர்கள் வேண்டாம், நாளைக்கும் அதே பஸ்ஸில்தான் போக வேண்டும்.)

"உங்க ஆஸ்பத்திரியில ஏசியில நின்னு சார்ட் எழுதத்தான் சொல்லித் தருவாங்க. ஒரு வென்ஃப்ளான் போடச் சொல்லு பாப்போம்!"

"நீங்க போடுவீங்க, ஒரே கிளவுஸோட நாலு பேருக்கு!"

கண்டக்டர் வந்து, "ஓசி டிக்கெட்டுதான், அதையாவது வாங்கிக்கிட்டுச் சண்டை போடுங்க தாயி" என்ற பிறகுதான் அடங்கினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அடுத்த வருடம்தான் இன்டர்ன்ஷிப். ஆனால் அன்று முழுக்க அந்தக் கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. உண்மையில் எங்கே படித்தால் கை தேறும்? அரசிலா, தனியாரிலா? வழக்கம்போல நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். பதில் தேடிப் போனால் 1871க்குக் கொண்டுபோய் விட்டது.

முதலில், நர்சிங் படிக்காத நண்பர்களுக்காக ஒரு விளக்கம். இந்திய நர்சிங் கவுன்சில் 2021ல் அறிவித்த புதிய பாடத்திட்டத்தில் பி.எஸ்சி. நர்சிங் எட்டுப் பருவங்கள். எட்டாவது பருவத்தில் வகுப்பே கிடையாது, முழுக்க இன்டர்ன்ஷிப். 22 வாரம், வாரத்துக்கு 48 மணி நேரம். கணக்குப் போட்டால் 1056 மணி நேரம். அது முடிந்து பதிவு செய்துகொண்டால் நீங்கள் செவிலியர். நடு ராத்திரியில் ஒரு வார்டை உங்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். ஆக, அந்த 1056 மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பது நாங்கள் பஸ்ஸில் பேசும் விஷயம் மட்டும் இல்லை. ஒருநாள் நீங்களோ உங்கள் அம்மாவோ கட்டிலில் படுத்திருக்கும்போது தெரியவரும் விஷயம்.

சரி, கதைக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் மருத்துவமனைப் பயிற்சி என்று ஒன்று தொடங்கியது செவிலியர்களுக்கு அல்ல, மருத்துவச்சிகளுக்குத்தான். சென்னை எழும்பூரில் 1844ல் பிரசவ ஆஸ்பத்திரி வந்தது. அங்கே மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுக்க 1854ல் அரசு அனுமதி தந்தது. பிறகு 1871ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் (நம்ம சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரில் இருக்கிறதே, அதுதான்) செவிலியர்களுக்கான பயிற்சி ஆரம்பமானது. பொறுப்பில் இருந்தவர்கள் இங்கிலாந்திலிருந்து வந்த நர்சுகள். அங்கே சேர்ந்த முதல் மாணவிகள் யார் தெரியுமா? ஏற்கெனவே மருத்துவச்சிப் பயிற்சி முடித்தவர்கள்!

இதை எங்கள் பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். நானும் இரண்டு மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்ததோடு சரி. இப்போது யோசித்தால்தான் அதன் அர்த்தம் புரிகிறது. கையில் பழக்கம் உள்ளவர்களை எடுத்து, அவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இன்று நாம் செய்வது தலைகீழ். ஏழு பருவம் பாடம் படித்துவிட்டு, எட்டாவதில் கையைத் தேடிப் போகிறோம்.

(வகுப்பும் வார்டும் நமக்கும் சேர்ந்தேதான் நடக்கின்றன என்று யாராவது சொல்வீர்கள். வார்டில் நாம் என்ன செய்தோம் என்று மனசாட்சியோடு யோசித்துவிட்டுச் சொல்லுங்கள்.)

லண்டனில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் பெயரால் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பள்ளி தொடங்கியது 1860ல். அவர் இந்தியாவுக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. ஆனாலும் இந்திய மருத்துவமனைகளில் செவிலியர் பணி எப்படி இருக்க வேண்டும் என்று 1865ல் ஆலோசனைகள் எழுதினார். அவர் பள்ளியில் பயிற்சி ஒரு வருடம். மாணவிகள் வார்டில் வேலை செய்ய வேண்டும், அந்த வார்டின் 'சிஸ்டர்' கற்றுக் கொடுக்க வேண்டும். (அங்கே வார்டுக்குத் தலைவியாக இருப்பவர் மட்டும்தான் சிஸ்டர். நம் ஊரில் யூனிபார்ம் போட்ட எல்லாருமே சிஸ்டர், என்னைப் போன்ற படிக்கும் குழந்தைகள் உட்பட.)

அந்தப் பள்ளியில் ஒரு சுவாரசியமான விஷயம் இருந்தது. ஒவ்வொரு மாணவிக்கும் மாதம் ஒரு தாள். அதில் ஒரு பக்கம் நடத்தை: நேரம் தவறாமை, நம்பகம், அமைதி, சுத்தம். இன்னொரு பக்கம் கைவேலை: கட்டுப் போடுதல், புண்ணைச் சுத்தம் செய்தல், எனிமா கொடுத்தல், அட்டைப்பூச்சி விடுதல்... ஒவ்வொன்றுக்கும் 'மிக நன்று' என்பதில் தொடங்கி பூஜ்யம் வரை மதிப்பீடு. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அட்டைப்பூச்சியை எடுத்துவிட்டால் அப்படியே நம் லாக் புக்!

ஆனால் அடுத்து வந்ததைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பள்ளி தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து நைட்டிங்கேல் உள்ளே என்ன நடக்கிறது என்று நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார். வார்டு சிஸ்டர்கள் பலர் சரியாகக் கற்றுக் கொடுக்கவே இல்லை. தாள்களில் இருந்த மதிப்பீட்டையும் நம்ப முடியவில்லை. மாணவிகள் வேலையை மட்டும் செய்துகொண்டிருந்தார்கள். உலகத்தின் முதல் நவீன நர்சிங் பள்ளியிலேயே கதை இப்படி!

இதில்தான் பஸ் சண்டைக்கான அடிப்படை இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. மாணவி வார்டுக்குள் நுழையும்போது அவள் படிக்க வந்தவளா, வேலைக்கு வந்தவளா? மருத்துவமனைக்கு ஆள் பற்றாக்குறை. சம்பளம் இல்லாமல், அல்லது கைச்செலவுக் காசுக்கு, இளம் கைகள் கிடைக்கின்றன. யாருக்குத்தான் ஆசை வராது? அமெரிக்காவில் 1923ல் வந்த கோல்ட்மார்க் அறிக்கை இதைத்தான் சொன்னது. மருத்துவமனைகள் நடத்தும் பள்ளிகளில் வார்டின் தேவை முன்னால் நிற்கிறது, மாணவியின் படிப்பு பின்னால் போய்விடுகிறது என்று.

நம் பக்கத்துக்கு வருவோம். அரசு மருத்துவமனைகளுக்கு வெளியே தமிழ்நாட்டில் செவிலியர்களை உருவாக்கியதில் பெரும் பங்கு மிஷன் மருத்துவமனைகளுக்கு. நம்புகிறோமோ இல்லையோ, அந்தக் காலத்தில் இதற்குப் பெண்கள் கிடைப்பதே பெரும்பாடு. மற்றவர் உடம்பைத் தொட வேண்டும், மலம் மூத்திரம் எடுக்க வேண்டும், ராத்திரி வெளியே தங்க வேண்டும். எந்த வீட்டில் அனுப்புவார்கள்? கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்களும், விதவைகளும், போக்கிடம் இல்லாதவர்களும்தான் முதலில் வந்தார்கள்.

மதுரையில் அமெரிக்க மிஷன் கால் வைத்தது 1834ல். டாக்டர் வான் ஆலன் 1897ல் கட்டிய ஆல்பர்ட் விக்டர் மருத்துவமனையும், டாக்டர் ஹாரியட் பார்க்கர் நீண்ட காலம் நடத்திய பெண்கள் மருத்துவமனையும் அந்த வழியில் வந்தவை. கீழவெளி வீதிப் பக்கம் இருக்கும் கிறிஸ்தவ மிஷன் மருத்துவமனையை மதுரையில் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். எங்கள் அப்பத்தா இன்றும் அதை "மிஷன் ஆஸ்பத்திரி" என்றுதான் சொல்லும்.

வேலூரில் 1909ல் ஐடா ஸ்கடர், டீலியா ஹூட்டன் ஆகியோர் முயற்சியில் செவிலியர் பள்ளி தொடங்கியது. ஐடா ஸ்கடர் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி ஆரம்பித்தது 1918ல். அதாவது வேலூரில் டாக்டர்களுக்கு முன்னாலேயே நர்சுகள் வந்துவிட்டார்கள்! ஒன்பது வருட சீனியாரிட்டி. (இதை எம்.பி.பி.எஸ். நண்பர்கள் யாராவது படித்துக்கொண்டிருந்தால் வாழ்த்துகள்.)

இப்படி ஒவ்வொரு மருத்துவமனையும் தன் போக்கில் பயிற்சி கொடுத்தால் என்ன ஆகும்? இங்கே தேறியவள் அங்கே தேற மாட்டாள். 'பயிற்சி பெற்ற நர்ஸ்' என்றால் என்ன என்று யாருக்கும் தெரியாது. அதனால் மிஷன் மருத்துவமனைகள் சேர்ந்து பொதுத் தேர்வு வாரியங்களை வைத்துக்கொண்டன. வடக்கிலும் தெற்கிலும் தனித்தனியாக. 1908ல் இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் உருவானது. இதிலெல்லாம் நமக்கு முக்கியமானது 1926. அந்த வருடம் சென்னை மாகாணத்தில் செவிலியர் மற்றும் மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் பதிவு பெற்ற செவிலியர் என்ற ஏற்பாடு அப்போது ஆரம்பித்ததுதான். இன்று நாம் படிப்பை முடித்துவிட்டு ஓடிப்போய்ப் பதிவு செய்கிறோமே, அந்தக் கவுன்சில் அந்தச் சட்டத்தின் வாரிசு.

சுதந்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால் போர் குழு நாடு முழுக்கச் சுற்றி 1946ல் அறிக்கை கொடுத்தது. ('போர்' என்பது சண்டை இல்லை, தலைவரின் பெயர், சர் ஜோசப் போர்.) அப்போது இந்தியா முழுமைக்கும் இருந்த செவிலியர் சுமார் 7,000 பேர். 43,000 மக்களுக்கு ஒருவர்! அவர்கள் தங்கியிருந்த இடமும் வேலை நேரமும் படுமோசம் என்றும் அந்தக் குழு பதிவு செய்திருக்கிறது. அதே 1946ல் டெல்லியிலும் வேலூரிலும் நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கியது. 1947ல் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம். நர்சிங் மாணவி ஆஸ்பத்திரியின் ஆள் என்பது மாறி, பல்கலைக்கழகத்தின் மாணவி ஆன இடம் இதுதான்.

வேலூர் மட்டும் ஒரு விஷயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அங்கே வகுப்பு எடுப்பவர்களுக்கே வார்டிலும் பொறுப்பு உண்டு. பாடம் சொல்பவர் ஒருவர், வார்டை நடத்துபவர் வேறு ஒருவர் என்று பிரித்துவிடவில்லை. இதன் அருமை நமக்குத்தான் தெரியும். நம் ட்யூட்டர் சொல்லிக் கொடுத்த மாதிரி டிரெஸ்ஸிங் செய்யப் போனால் இன்சார்ஜ் சிஸ்டர் "இதெல்லாம் புக்குல வச்சுக்கோ, இங்க நேரம் கிடையாது" என்பார். இருவரும் ஒரே ஆளாக இருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

மதுரைக்கு வந்தால், பனகல் சாலையில் இருக்கும் பெரியாஸ்பத்திரி. சென்னை மாகாண ஆளுநராக இருந்த எர்ஸ்கின் பிரபு பெயரில் எர்ஸ்கின் மருத்துவமனையாக இருந்து பின்னால் அரசு ராஜாஜி மருத்துவமனை ஆனது. 1954ல் மதுரை மருத்துவக் கல்லூரி வந்த பிறகு தென்மாவட்டம் முழுக்கவே அதை நம்பித்தான் இருந்தது. ராமநாதபுரத்தில் பாம்பு கடித்தாலும் தேனியில் பஸ் கவிழ்ந்தாலும் ஆம்புலன்ஸ் இங்கேதான் வரும். இப்படிப்பட்ட இடத்தில் படிக்கும் மாணவி ஒரு வாரத்தில் பார்க்கும் நோய்களைச் சின்னத் தனியார் மருத்துவமனையில் படிப்பவள் ஒரு வருடம் ஆனாலும் பார்ப்பது கஷ்டம். அரசுத் தரப்பு அக்காவின் பேச்சில் இருக்கும் நியாயம் இதுதான்.

1980களின் கடைசியில் நடந்த இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்று இந்தியாவில். செவிலியர் பணியை ஆராய 1987ல் மத்திய அரசு ஓர் உயர்மட்டக் குழு அமைத்தது. தலைவர் சரோஜினி வரதப்பன், நம் முன்னாள் முதல்வர் பக்தவத்சலத்தின் மகள். 1989ல் அறிக்கை தந்தார். இன்னொன்று இங்கிலாந்தில். அங்கே 'ப்ராஜெக்ட் 2000' என்று ஒரு திட்டம். மாணவிகளை வார்டின் ஆள் கணக்கிலிருந்து முழுக்க எடுத்துவிடுவோம், அவர்கள் படிக்க வந்தவர்கள், உபரியாகத்தான் நிற்க வேண்டும், வேலைக்காரர்களாக அல்ல என்றார்கள். கேட்கவே இனிக்கிறது இல்லையா? நூறு வருட அநியாயத்துக்கு முடிவு!

பத்து வருடம் கழித்துப் பார்த்தால், புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்குக் கைவேலை போதவில்லை என்று புகார் மேல் புகார். 1999ல் லியோனார்ட் பீச் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து, பயிற்சியில் வார்டு வேலையை மறுபடியும் பலப்படுத்த வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது. வேலைக்காரியாக வைத்திருந்தால் படிப்பு போகிறது. மாணவியாக மட்டும் வைத்திருந்தால் கை போகிறது.

இதை ஆராய்ந்தவர்களில் இரண்டு பேரை நர்சிங் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மார்லின் கிராமர் என்ற அமெரிக்கப் பேராசிரியை 1974ல் எழுதிய புத்தகம், புதிதாக வேலைக்குச் சேரும் செவிலியர் பள்ளியில் படித்த உலகமும் வார்டு என்ற உலகமும் மோதும்போது அடையும் அதிர்ச்சியைப் பற்றியது. பத்து வருடம் கழித்து, 1984ல், பட்ரீஷியா பென்னர் புதியவர் திறமைசாலி ஆவதை ஐந்து படிகளாகப் பிரித்தார். அவர் சொல்வதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், விதியைப் பார்த்து வேலை செய்பவர், நோயாளியைப் பார்த்ததும் "ஏதோ சரியில்லை" என்று உணர்பவராக மாறுவது நேரில் பார்த்த அனுபவத்தால் மட்டுமே. அதைப் புத்தகத்தால் குறுக்குவழியில் கொடுக்க முடியாது.

இனி தனியார் பக்கம். 1990களுக்குப் பிறகு தமிழ்நாட்டில் தனியார் நர்சிங் கல்லூரிகள் மளமளவென்று முளைத்தன. வளைகுடா, இங்கிலாந்து என்று வெளிநாட்டு வேலை வாய்ப்பும் ஒரு காரணம். புதிதாகக் கல்லூரி தொடங்குபவருக்குச் சொந்தமாக 100 படுக்கை மருத்துவமனை வேண்டும் என்று கவுன்சில் விதி வைத்திருக்கிறது. படுக்கை இருந்தால் போதுமா? அதில் நோயாளி இருக்க வேண்டாமா? அந்த நோயாளி மாணவியைக் கை வைக்க விட வேண்டாமா? காசு கொடுத்துப் படுத்திருப்பவர், "டிரெயினிங் பொண்ணு வேண்டாம், சீனியர் சிஸ்டர வரச் சொல்லுங்க" என்று சொன்னால் மருத்துவமனை யார் பேச்சைக் கேட்கும்? தப்பு சொல்லவும் முடியவில்லை. என் அம்மா படுத்திருந்தால் நானும் அதையேதான் கேட்பேன்.

ஆகவே தனியார் கல்லூரிகள் பலவும் தங்கள் மாணவிகளைக் கட்டணம் செலுத்தி அரசு மருத்துவமனைக்கு கிளினிக்கல் போஸ்டிங் அனுப்புகின்றன. பஸ் சண்டையில் இரண்டு பேருமே மறந்துவிட்ட விஷயம் இது! தனியார் கல்லூரியில் படித்த அக்காவும் முதல் பிரசவத்தைப் பார்த்தது அரசு லேபர் வார்டில்தான்.

2012 தொடக்கத்தில் இந்தச் சண்டை தெருவுக்கே வந்தது. அதுவரை அரசு செவிலியர் பள்ளி, கல்லூரிகளில் படித்தவர்களுக்குத்தான் அரசு மருத்துவமனையில் வேலை என்று இருந்தது. தனியாரில் படித்தவர்களும் வரலாம் என்று அரசு முடிவெடுத்ததும் அரசு மாணவிகள் போராட்டத்தில் இறங்கினார்கள். அதே வருடம் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அமைக்கப்பட்டது. 2015ல் எல்லாருக்கும் பொதுவாகத் தேர்வு நடந்தது. யாருக்குத் திறமை அதிகம் என்ற அந்தப் பெரிய சண்டை எப்படித் தீர்க்கப்பட்டது தெரியுமா? எழுத்துத் தேர்வு வைத்து! நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடு. நரம்பு கிடைக்காத கிழவர் கையில் ஊசி ஏற்றத் தெரியுமா என்பதை எந்த விடைத்தாளில் பார்ப்பது?

1990ல் ஜார்ஜ் மில்லர் என்ற மருத்துவக் கல்வியாளர் திறனை ஒரு பிரமிடாக வரைந்தார். அடியில் 'தெரியும்', அதற்கு மேல் 'எப்படி என்று தெரியும்', அதற்கும் மேல் 'செய்து காட்ட முடியும்', உச்சியில் 'நிஜமாகவே செய்கிறார்'. எழுத்துத் தேர்வு கீழே இரண்டு படியோடு நின்றுவிடும்.

இப்போது சண்டைக்கே வருகிறேன். நான் பார்த்தவரை, இரண்டு இடத்திலும் போஸ்டிங் போனவள் என்ற முறையில் சொல்கிறேன். (என் அனுபவம் மட்டும்தான், ஆராய்ச்சி இல்லை.) அரசு மருத்துவமனையில் கைக்கு வேலை நிறைய. பார்க்கும் கண் இல்லை. ஒரு ஸ்டாஃப் நர்ஸ் ஐம்பது கட்டிலைப் பார்க்கும்போது பக்கத்தில் நின்று என்னைத் திருத்த அவருக்கு ஏது நேரம்? நான் தப்பாகச் செய்தால் அந்தத் தப்பே பழகிவிடும், வேகமாகவும் வரும். அதைத் திறமை என்றும் நினைத்துக்கொள்வேன். தனியாரில் கண் நிறைய. மருந்து கொடுக்கும் முன் இரண்டு பேர் பெயரையும் அளவையும் சரிபார்ப்பார்கள், கை கழுவினாயா என்று கேட்பார்கள், ஐ.சி.யூ.வில் மானிட்டர் அலாரம் அடித்தால் என்ன அர்த்தம் என்று சொல்லித் தருவார்கள். ஆனால் ஊசி அவர்கள் கையிலேயே இருக்கும்.

இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு மதுரையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஜி.வெங்கடசாமி 1976ல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே கிராமத்துப் பள்ளி முடித்த பெண்களை எடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுக்கிறார்கள். அது நர்சிங் பட்டம் இல்லை, கண் மருத்துவ வேலைக்கு மட்டுமான பயிற்சி. ஒரு பெண்ணுக்கு ஒரு வேலை, அதையே திரும்பத் திரும்ப, பக்கத்தில் ஒரு சீனியர். சோழவந்தான் பக்கத்துப் பெண் ஒருத்தி அறுவை சிகிச்சைத் தியேட்டரில் கருவியை டாக்டர் கேட்கும் முன்னால் எடுத்து நீட்டுவாள். பொது நர்சிங்கை இப்படி ஒரே வேலையாகச் சுருக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எண்ணிக்கையும் கண்காணிப்பும் ஒரே இடத்தில் இருக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

இரண்டாம் வருடம் ஒரு போஸ்டிங். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். எழுபது வயது இருக்கும், ஒரு தாத்தா, எங்கள் ஊர்ப் பக்கம்தான். டிரிப்ஸ் ஏற்ற வென்ஃப்ளான் போட வேண்டும். சிஸ்டர் வேறு கேஸுக்கு ஓடிக்கொண்டே, "நீ போட்டுரு, நான் வந்துர்றேன்" என்றார். முதல் தடவை நரம்பு நழுவியது. இரண்டாவது தடவை ரத்தம் வந்தது, உள்ளே போகவில்லை, புறங்கை வீங்கிவிட்டது. எனக்குக் கை நடுங்கியது. தாத்தா என்னைப் பார்த்துவிட்டு, "பரவால்ல தாயி, பழகுனாத்தானே வரும்" என்று மற்ற கையை நீட்டினார். மூன்றாவது தடவை ஏறியது. சிஸ்டர் வரவே இல்லை. அந்த மாதக் கடைசியில் என் லாக் புக்கில் அதற்கு நேராக 'மேற்பார்வையில் செய்தது' என்ற கட்டத்தில் கையெழுத்து விழுந்தது. அன்று ஒரே உட்காரலில் எங்கள் பத்துப் பேர் புத்தகத்துக்கும் கையெழுத்து போட்டார்கள். நானும் வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்றா சொல்ல முடியும்?

செயின்ட் தாமஸின் அந்த மாதத் தாள்களைப் பற்றிப் படித்தபோது இந்தக் கையெழுத்துதான் நினைவுக்கு வந்தது.

அந்தத் தாத்தாவுக்கு "சீனியர் சிஸ்டர வரச் சொல்லுங்க" என்று கேட்கத் தெரியாது. தெரிந்தாலும் கேட்க முடியாது. அரசில் படிப்பவளும் தனியாரில் படிப்பவளும் அவர் கையில்தான் பழகுகிறோம். பழகிய பிறகு எங்களில் பாதிப் பேர் துபாய்க்கும் லண்டனுக்கும் போய்விடுகிறோம், அல்லது அவர் வாசல்படியே மிதிக்க முடியாத மருத்துவமனைகளில் சேர்ந்துவிடுகிறோம். யார் திறமைசாலி என்று பஸ்ஸில் சண்டை போடும்போது, அந்தத் திறமைக்கு எந்தக் கை வீங்கியது என்று நாங்கள் மூன்று பேருமே பேசவில்லை.

இதை அந்த அக்காக்களிடம் சொன்னேன். தனியார் அக்கா கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு அரசு அக்காவிடம், "நரம்பு கிடைக்கலைன்னா நீ முதல்ல எந்த இடத்துல பாப்ப?" என்று கேட்டார். அவர் தன் இடது கையை நீட்டி, மணிக்கட்டுக்கு மேலே கட்டைவிரல் பக்கம் தொட்டுக் காட்டினார். ஆரப்பாளையம் வரும்வரை அதைத்தான் பேசினார்கள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே வந்தேன், கத்தரிக்காய் மூட்டை மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு.